அடுத்தவர் சரக்கை இறக்குவதற்கு முன்னால்

எங்கள் கம்பெனி விற்பது பொம்மைகளும் பள்ளிக்கூடச் சாமான்களும். கிளைகள் பல, கிடங்கு ஒன்று. அந்தக் கிடங்கை 17 வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கடைசி 6 வருஷமாக எங்கள் சரக்கோடு வெளி நிறுவனங்களின் சரக்கையும் இறக்கி, அடுக்கி, ஆர்டர் வந்தால் எடுத்து பேக் செய்து அனுப்பிக்கொடுக்கிறோம். இதே மாதிரி தொடங்கலாமா என்று கேட்டு மாதம் இரண்டு மூன்று கடைக்காரர்களாவது எனக்கு போன் செய்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதிவைக்கிறேன்.

கேட்பவர்கள் எல்லோரும் தொடங்குவது ஒரே மாதிரிதான்: "கிடங்கில் பாதி இடம் சும்மா கிடக்குது சார்." இடம் சும்மா கிடந்தால் அதை வாடகைக்கு விடுங்கள். அது நல்ல தொழில், தலைவலியும் குறைவு. நான் சொல்லும் தொழிலில் விற்பது இடம் அல்ல, கணக்கு. நம் சொந்தச் சரக்கில் 10 பெட்டி குறைந்தால் வருஷக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது எழுதித் தள்ளிவிடுவோம். முதலாளி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். அடுத்தவர் சரக்கில் 10 பெட்டி குறைந்தால் எந்தத் தேதியில், எந்த ரேக்கிலிருந்து, யார் கையால் குறைந்தது என்று பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் பணம் கொடுக்க வேண்டும். தன் சரக்கை "ஏறக்குறைய சரி" என்று வைத்திருந்தே பழகிய கடைக்காரருக்கு இந்த மாற்றம்தான் கஷ்டம். ரேக்கும் ஸ்கேனரும் வாங்கிவிடலாம்.

பெரியவர்கள் இதைச் செய்த விதத்தைப் பார்த்தாலே பாதி புரியும். அமேசான் 2006-ல் தன் தளத்தில் விற்கும் மற்ற வியாபாரிகளின் சரக்கைத் தன் கிடங்கில் வைத்து அனுப்பத் தொடங்கியது. சீனாவின் ஜேடி என்ற இணையக் கடை 2007-ல் தனக்காகக் கிடங்கும் டெலிவரியும் கட்டத் தொடங்கியது. 2017-ல்தான் அதைத் தனி நிறுவனமாக்கி வெளியாருக்குத் திறந்துவிட்டது. பத்து வருஷம் சொந்தச் சரக்கில் கை பழகிய பிறகு! வால்மார்ட் 2021-ல் கோலோக்கல் என்ற பெயரில் தன் டெலிவரி வசதியை மற்ற கடைகளுக்கு விற்க ஆரம்பித்தது. பிரிட்டனில் நெக்ஸ்ட் என்ற துணிக்கடை நிறுவனம் 2020-ல் டோட்டல் பிளாட்ஃபார்ம் கொண்டுவந்தது. இணையதளம், கிடங்கு, டெலிவரி, ரிட்டர்ன் எல்லாம் நெக்ஸ்ட் பார்த்துக்கொள்ளும், பிராண்டுக்காரர் விற்பனையில் ஒரு பங்கைக் கொடுப்பார்.

எல்லோருக்கும் பலித்துவிடவில்லை. அமெரிக்கன் ஈகிள் என்ற துணிக்கடை நிறுவனம் 2021-ல் குவயட் லாஜிஸ்டிக்ஸ் என்ற கிடங்கு கம்பெனியை சுமார் 35 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. பல கடைகள் ஒரே கிடங்கையும் ஒரே வண்டியையும் பகிர்ந்துகொண்டால் எல்லோருக்கும் செலவு இறங்கும் என்பது கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஆனால் 2023-லேயே அந்தப் பிரிவைச் சுருக்கி, நஷ்டத்தை ஏட்டில் எழுத வேண்டி வந்தது. அவ்வளவு பணமும் ஆட்களும் இருந்தவர்களுக்கே அந்த நிலை. நாம் மெதுவாகத்தான் போக வேண்டும்.

முதல் பில் உங்களுக்கே

வெளி வாடிக்கையாளரைத் தேடுவதற்கு முன்னால் எட்டு வாரம் உங்கள் கடைகளுக்கே பில் போட்டுப் பாருங்கள். பணம் கைமாற வேண்டாம், காகிதத்தில் போதும். லாரியிலிருந்து ஒரு பேலட் (பெட்டிகளை அடுக்கி வைக்கும் பலகை) இறக்க இவ்வளவு, ஒரு பேலட் ஒரு வாரம் இருக்க இவ்வளவு, ஒரு பொருள் எடுக்க இவ்வளவு என்று விலை வைத்து, உங்கள் கிடங்கு ஒரு தனிக் கம்பெனி, உங்கள் கடை அதன் வாடிக்கையாளர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் வரும் பில் தொகை கிடங்கின் சம்பளம், வாடகை, கரண்ட், அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் தாங்குகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு முதல் நான்கு வாரம் தாங்கவில்லை. அதுவரை எங்கள் கிடங்கு சிக்கனமானது என்றே நம்பிக்கொண்டிருந்தோம்.

விலை வைக்க நேரம் தெரிய வேண்டும். அதற்கு ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு நீங்களே ஒரு பிக்கர், அதாவது ரேக்கிலிருந்து பொருள் எடுக்கும் ஆள், பின்னால் நடங்கள், சூப்பர்வைசரை அனுப்பாதீர்கள். நான் நடந்தபோது ஒரே ஒரு பொருள் கொண்ட ஆர்டருக்கு எடுத்த நேரம் இது: ரேக் வரை நடக்க 70 வினாடி, எடுத்து ஸ்கேன் செய்ய 15, பேக் செய்ய 50, லேபிள் ஒட்டிக் கூண்டில் போட 20. மொத்தம் 2 நிமிடம் 35 வினாடி. அதே ஆள் எங்கள் கிளை ஒன்றுக்கு 60 பொருள் எடுத்தபோது பொருளுக்கு 11 வினாடிதான் ஆனது. ஆள் அவரேதான், ரேக்கும் அதேதான். வேலைதான் வேறு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கடைக்காரரின் கிடங்கு பெட்டி பெட்டியாகக் கடைக்கு அனுப்புவதற்காகக் கட்டியது. இன்று உங்களைத் தேடி வரும் வாடிக்கையாளருக்கு வேண்டியதோ ஒவ்வொரு பொருளாக வீட்டுக்கு அனுப்புவது. நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலையை அவர் கேட்கமாட்டார், அவர் கேட்கும் வேலை நம் ஆட்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. நடக்கும் தூரத்தைக் குறைத்தால்தான் இதில் காசு. அதனால் நாங்கள் வெளியார் சரக்கில் வேகமாகப் போகும் பொருட்களை மட்டும் பேக்கிங் மேசைக்குப் பக்கத்தில், இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே எட்டும் தட்டுகளில் வைத்தோம். 70 வினாடி 25 ஆனது. புது மெஷின் எதுவும் வாங்கவில்லை.

காலியிடத்தையும் இப்போதே நேர்மையாக அளந்துவிடுங்கள். ரேக்கில் 100 இடம் இருந்தால் 85 நிரம்பிய உடனேயே வேலை இழுக்க ஆரம்பித்துவிடும். ஒன்றை எடுக்க இன்னொன்றை நகர்த்த வேண்டியிருக்கும், வந்த சரக்கை வழியிலேயே நிறுத்தி வைப்பார்கள். ஆக, 70 நிரம்பியிருக்கும் கிடங்கில் விற்க இருப்பது 30 அல்ல, 15. அதையும் உங்கள் சீசன் மாதத்தில் பாருங்கள். பள்ளி திறக்கும் முன் இரண்டு மாதம் எங்களிடம் விற்பதற்கு எதுவுமே மிஞ்சாது. அதனால் அந்த இரண்டு மாதத்தில் தூங்குகிற வியாபாரமாகத் தேடினோம். தோட்டக் கருவிகள் விற்பவர் ஒருவர் கிடைத்தார். அவருக்கு சீசன் வரும்போது எங்களுக்கு ஓய்வு.

அப்புறம் இரண்டு காகிதங்களை எடுத்துப் படியுங்கள்: கிடங்கின் வாடகை ஒப்பந்தம், இன்சூரன்ஸ் பாலிசி. வாடகை ஒப்பந்தத்தில் "வாடகைதாரரின் சொந்தச் சரக்கு மட்டும்" என்று ஒரு வரி ஒளிந்திருக்கலாம். எங்களுடையதில் இருந்தது. கட்டட உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கவே ஐந்து வாரம் ஆனது. இன்சூரன்ஸும் அப்படித்தான். உங்கள் சரக்குக்கு மட்டும் எடுத்த பாலிசியில் அடுத்தவர் சரக்குக்கு ஈடு கிடைக்காது. உங்கள் பொறுப்பில் இருக்கும் மற்றவர் சரக்கு கெட்டால் வரும் நஷ்டத்துக்குத் தனிப் பாலிசி உண்டு. முதல் பேலட் இறங்கும் முன் அது கையில் இருக்க வேண்டும்.

யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது

முதல் வாடிக்கையாளர் உங்களுக்குச் சரக்கு கொடுப்பவராக இருந்தால் நல்லது. அவர் பெட்டியின் அளவு, எடை, பார்கோடு எல்லாம் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும். அவர் லாரி உங்கள் வாசலுக்கு வருவதும் புதிதல்ல. அவருடைய மற்ற ஆர்டர்களையும் நானே அனுப்பித் தருகிறேன் என்று சொல்வது சின்ன அடிதான். ஒரு எச்சரிக்கை: அவரிடம் நீங்கள் வாங்கிய சரக்கும், அவர் உங்களிடம் வைத்த சரக்கும் ஒரே மாதிரிப் பெட்டியில்தான் இருக்கும். எது யாருடையது என்று பெட்டியிலேயே தெரிய வேண்டும். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

வேண்டாம் என்று சொல்லப் பழகுவதுதான் கஷ்டம். 3,000 வகைப் பொருட்கள் இருக்கிறது, ஒரு நாளைக்கு 40 ஆர்டர் வரும் என்று ஒருவர் சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். 3,000 தட்டு அவருக்கே போய்விடும், எடுக்கும் வேலை 40 தடவைதான். 60 வகை, 400 ஆர்டர் என்றால் உட்காரவைத்துப் பேசுங்கள். பவர் பேங்க் விற்பவர் எங்களிடம் வந்தார். ஆள் நல்லவர், சரக்கும் நன்றாகப் போகும். ஆனால் லித்தியம் பேட்டரி ஐ.நா. எண் 3480-ல் வரும் அபாயச் சரக்கு. அதை வைக்கவும், பேக் செய்யவும், விமானத்தில் அனுப்பவும் தனித்தனி விதி உண்டு, பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். எங்களிடம் அப்போது இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டோம். ஸ்ப்ரே டப்பா, பெயின்ட், நெயில் பாலிஷ் எல்லாவற்றுக்கும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலாவதித் தேதி உள்ள சரக்கில் நாங்கள் சூடு பட்டோம். முகத்துக்குப் பூசும் கிரீம் விற்கும் சின்ன பிராண்ட் ஒன்று எங்கள் இரண்டாவது வாடிக்கையாளர். பொம்மைக்குக் காலாவதி கிடையாது, அதனால் எங்கள் மென்பொருளில் அதற்கான கட்டமே இல்லை. புது லோடு வரும், ஆட்கள் அதைத் தட்டின் முன்னால் அடுக்குவார்கள், பிக்கர் முன்னால் இருப்பதை எடுப்பார். ஏழு மாதம் கழித்து ஸ்டாக் எடுத்தபோது பின்வரிசையில் 140 டப்பாக்கள், நான்கு வாரத்தில் காலாவதி. எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை, ஆனாலும் சரக்கு வீண். அந்த பிராண்டை நடத்தும் அம்மா சத்தம் போடவில்லை. "நீங்க எண்ணிக்கையைத்தான் பார்த்தீங்க சார், தேதியைப் பார்க்கலை" என்று மட்டும் சொன்னார். முழுத்தொகையும் கொடுத்தோம். அதற்கப்புறம் இறக்கும்போதே பேட்ச் எண்ணும் தேதியும் ஸ்கேன் ஆகாமல் எந்தப் பெட்டியும் ரேக்குக்குப் போகாது. முதலில் காலாவதியாவதையே கணினி முதலில் எடுக்கச் சொல்லும்.

இது யார் சரக்கு?

மென்பொருள் விற்பவர்கள் நூறு வசதி காட்டுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு பெட்டிக்கும் உரிமையாளர் குறியீடு உண்டா? சொந்தச் சரக்கு மட்டும் வைத்திருக்கும் கடையின் மென்பொருளில் அது இருக்காது, தேவையும் இல்லை. வெளியார் சரக்கு வந்ததும் அதில்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

ஏன் என்று ஒரு உதாரணம். ஒரே கம்பெனி தயாரித்த தண்ணீர் பாட்டிலை நாங்களும் விற்றோம், எங்கள் வாடிக்கையாளர் ஒருவரும் விற்றார். பார்கோடு தயாரிப்பாளர் போட்டது, இரண்டிலும் ஒரே எண்தான். உரிமையாளர் குறியீடு இல்லாத கணினிக்கு இரண்டும் ஒரே குவியல். எங்கள் கடைக்குப் போக வேண்டிய 24 பாட்டிலை அவர் தட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். கணினி பச்சை விளக்கு காட்டியது. மூன்று நாள் கழித்து அவருக்கு ஆர்டர் வந்தபோது தட்டு காலி. இதில் யாரும் திருடவில்லை, ஆனால் கேட்பவர் காதுக்கு வேறு மாதிரித்தான் விழும். இன்று எங்கள் ரேக் எல்லாவற்றிலும் வாடிக்கையாளருக்கு ஒரு நிறம். கணினி ஒரு பக்கம் பார்க்கட்டும், நடந்து போகிறவர் கண்ணும் பார்க்கட்டும்.

இன்னொன்று: அந்தச் சரக்கு உங்கள் ஏட்டில் ஸ்டாக் என்று வரக்கூடாது. உரிமை அவருடையது, நீங்கள் வைத்திருப்பவர் மட்டுமே. கணக்காளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எங்கள் முதல் வருஷத் தணிக்கையில் இதைப் பிரித்து எழுதவே ஒரு வாரம் போனது.

தப்பு எங்கே நடக்கிறது என்று கேட்டால் எல்லோரும் எடுக்கும் இடத்தைக் காட்டுவார்கள். எங்கள் பதிவேடு சொல்வது வேறு. பாதிக்கு மேல் லாரி இறக்கும் மேடையிலேயே நடந்திருக்கிறது. அவர் 50 பெட்டி என்று சொல்லி அனுப்புவார், வந்தது 48 இருக்கும், நம் ஆள் அவசரத்தில் 50 என்று கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த இரண்டு பெட்டி ஆயுசுக்கும் உங்கள் கணக்கில் தொங்கும். அதனால் முன்னறிவிப்பு இல்லாமல் வரும் லாரிக்கு அன்று இடமில்லை. என்ன வருகிறது, எத்தனை பெட்டி, எப்போது என்று முந்தைய நாளே எழுத்தில் வர வேண்டும். இறக்கும்போது பேலட்டின் நான்கு பக்கமும் போட்டோ. பெட்டி எண்ணிக்கை டிரைவர் முன்னாலேயே, உள்ளிருக்கும் பொருளின் எண்ணிக்கை 24 மணி நேரத்துக்குள். வித்தியாசம் இருந்தால் அன்றே தகவல். டிரைவர் அவசரப்படுத்துவார். அவசரப்படட்டும்.

விலைப்பட்டியல்

எல்லாவற்றையும் சேர்த்து ஆர்டருக்கு இவ்வளவு என்று ஒரே விலை சொல்லாதீர்கள். வாடிக்கையாளருக்கு அது பிடிக்கும், உங்களுக்கு அது புதைகுழி. ஒவ்வொரு வேலைக்கும் தனி வரி வேண்டும்: இறக்குவது, வைத்திருப்பது, ஆர்டருக்கு, ஆர்டரில் கூடுதலாக வரும் ஒவ்வொரு பொருளுக்கு, பேக்கிங் சாமானுக்கு, ரிட்டர்னுக்கு. கூடவே மாதக் குறைந்தபட்சக் கட்டணம். ஆர்டர் வராத மாதத்திலும் அவர் ரேக் அங்கேதான் நிற்கும், நம் ஆளும் அங்கேதான் நிற்பார்.

நீண்ட நாள் தூங்கும் சரக்குக்கு வாடகை ஏற வேண்டும். அமேசான் அமெரிக்காவில் 181 நாளைத் தாண்டிய சரக்குக்குக் கூடுதல் கட்டணம் வாங்குகிறது. பணத்துக்காக மட்டும் இல்லை. நகராத சரக்கை எடுத்துப்போக வைக்க வேறு மொழி கிடையாது. நாங்கள் 6 மாதம் என்று வைத்திருக்கிறோம்.

பில்லில் விட்டுப்போவது எப்போதும் சில்லறை வேலைதான். "இந்த 600 பெட்டிக்கும் புது ஸ்டிக்கர் ஒட்டிடுங்க," "மூணையும் சேர்த்து ஒரு செட்டாக்கிடுங்க" என்று வாடிக்கையாளர் நேராக மேசையில் இருக்கும் பெண்ணுக்கு மெசேஜ் போடுவார், அவரும் நல்ல மனசோடு செய்துவிடுவார். முதல் மூன்று மாதம் இப்படி இனாமாகப் போன நேரத்தைக் கூட்டினேன்: 190 மணி நேரம். ஒரு ஆளின் ஒரு மாத வேலை. இப்போது எந்தத் தனி வேலையும் கணினியில் ஒரு எண் இல்லாமல் தொடங்காது. ஸ்கேன் ஆனதுதான் பில்லில் வரும், அதனால் பில்லில் வர வேண்டியதெல்லாம் ஸ்கேன் ஆக வேண்டும்.

ஒப்பந்தத்தை வக்கீல் எழுதட்டும், ஆனால் எண்களை நீங்கள் சொல்லுங்கள். எத்தனை மணி வரை வரும் ஆர்டர் அன்றே போகும்? நாங்கள் பிற்பகல் 1 மணி என்று வைத்தோம், கூரியர் வண்டி 5 மணிக்கு. ஸ்டாக் எண்ணிக்கை எத்தனை சதவீதம் பொருந்த வேண்டும்? 99.5 சொன்னோம். காணாமல் போனால் எந்த அளவு வரை பொறுப்பு இல்லை, அதைத் தாண்டினால் எந்த விலைக்கு? இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஈடு கொடுப்பது அவருடைய அடக்க விலைக்கு, அவர் விற்கும் விலைக்கு அல்ல. பாக்கி வைத்தால் சரக்கை நிறுத்திவைக்கும் உரிமை, விலகுவதற்கு இரு பக்கமும் 60 நாள் அறிவிப்பு, இவையும் எழுத்தில் இருக்கட்டும்.

நீங்களும் ஒரு கடைக்காரர்

தனி லாஜிஸ்டிக்ஸ் கம்பெனிக்கு இல்லாத ஒரு சுமை நமக்கு உண்டு. நம்மிடம் சரக்கு வைப்பவர் மனதில் ஓரமாக ஒரு பயம் இருக்கும்: என் பொருள் எவ்வளவு போகிறது என்று பார்த்துவிட்டு நாளைக்கு இவரே அதை விற்க ஆரம்பித்தால்? வீண் பயமில்லை. தன் தளத்தில் விற்கும் வியாபாரிகளின் வெளியே தெரியாத விற்பனைத் தகவலை அமேசான் தன் சொந்த விற்பனைக்குப் பயன்படுத்துகிறதா என்று ஐரோப்பிய ஆணையம் 2019-ல் விசாரணை தொடங்கியது. அப்படிப் பயன்படுத்தமாட்டேன் என்று 2022 டிசம்பரில் அமேசான் எழுதிக்கொடுத்த உறுதியை ஆணையம் ஏற்றுக்கொண்டது.

எங்கள் கிடங்கில் நடந்ததைச் சொல்கிறேன். வெளியார் கணக்கு நம் கொள்முதல் பிரிவுக்குத் தெரியாதபடி கடவுச்சொல் எல்லாம் தனியாக வைத்து, பெருமையாக இருந்தேன். ஒரு மாலை எங்கள் கொள்முதல் மேலாளர் கையில் டீ டம்ளரோடு வெளியார் ரேக்குகளுக்கு நடுவே மெதுவாக நடந்துகொண்டிருந்தார். "சும்மா வந்தேன்" என்றார். மறுநாளும் சும்மா வந்தார். மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. அவருக்குக் கணினி எதற்கு? எந்தத் தட்டு நேற்று நிறைந்திருந்தது, இன்று காலியாக இருக்கிறது என்று கண்ணாலேயே படித்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே வெளியார் பகுதிக்குக் கம்பி வலை அடித்துக் கதவு போட்டோம். யார் உள்ளே போனார்கள் என்று கதவே பதிவு செய்யும். புதிதாக வரும் வாடிக்கையாளரை நான் முதலில் கூட்டிப்போய்க் காட்டுவது அந்தக் கதவைத்தான். கொள்முதல் மேலாளருக்கும் எனக்கும் இன்றுவரை அவ்வளவாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது வேறு விஷயம்.

நெக்ஸ்ட் செய்ததைப் பார்த்தால் இந்தப் பயத்தைப் போக்க இன்னொரு வழியும் தெரிகிறது. தன் டோட்டல் பிளாட்ஃபார்முக்கு வந்த ரீஸ் என்ற பிராண்டில் 2021-ல் கால் பங்கை வாங்கியது. வாடிக்கையாளர் வளர்ந்தால் தனக்கும் லாபம் என்று ஆகிவிட்டால் அவர் வியாபாரத்தைப் பறிக்கத் தோன்றாது. எல்லோராலும் பங்கு வாங்க முடியாது, வலை அடிக்க முடியும்.

பயம் இன்னொரு நாளிலும் தலைகாட்டும். சீசன் நாள், பேக்கிங் மேசை பத்து, ஆள் எட்டு, நம் கடைக்கும் போக வேண்டும், வெளியாருக்கும் போக வேண்டும். யார் முதலில்? அன்றைக்கு முடிவு செய்தால் நம் கடைதான் ஜெயிக்கும், ஏனென்றால் கடை மேலாளர் நேரில் வந்து கத்துவார். அதனால் விதியை ஓய்வான மாதத்திலேயே எழுதிவையுங்கள். எங்கள் விதி சின்னது: மூன்று மேசை வெளியாருக்கே, என்ன ஆனாலும் அதைத் தொடக்கூடாது. நம் ஆர்டர் தேங்கினால் தேங்கட்டும். முதலாளியிடம் இதற்குக் கையெழுத்து வாங்கிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், இரண்டு தடவை அந்தக் காகிதம் என்னைக் காப்பாற்றியது.

ரிட்டர்ன், வண்டி

ரிட்டர்னை யாரும் விலைப்பட்டியலில் சரியாகப் போடுவதில்லை. அனுப்புவதைவிட அதற்குத்தான் நேரம் அதிகம், ஏனென்றால் ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பு. பெட்டி கிழிந்திருக்கிறது, பொருள் புதிது: மறுபடி விற்கலாமா? நம் ஆள் தானாகத் தீர்மானிக்கக்கூடாது. விற்கலாம், குறைத்து விற்கலாம், தூக்கிப் போடலாம் என்று மூன்று வகைக்கும் வாடிக்கையாளரிடம் போட்டோவோடு உதாரணம் வாங்கி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். சந்தேகமானால் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பி, 48 மணி நேரத்தில் பதில் இல்லையென்றால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் "பதிலுக்குக் காத்திருக்கிறோம்" என்று ஒரு மூலை உருவாகும். எங்களிடம் ஒரு காலத்தில் அந்த மூலை இரண்டு பேலட் உயரம் இருந்தது.

கடைக்கு லோடு கொண்டுபோய்விட்டுக் காலியாகத் திரும்பும் லாரியில் வெளியார் சரக்கை ஏற்றலாம் என்பது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. நல்ல யோசனைதான். உரிமத்தைப் பாருங்கள். பிரிட்டனில் சொந்தச் சரக்கு மட்டும் ஏற்ற ஒரு உரிமம், அடுத்தவர் சரக்கைக் கூலிக்கு ஏற்ற வேறு உரிமம். பல நாடுகளில் இப்படி ஏதோ ஒரு பிரிவு உண்டு. அப்புறம் திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் நின்று ஏற்றினால் மறுநாள் காலை நம் கடை லோடு தாமதமாகும். கணக்குப் போட்டதில் எங்களுக்குக் கட்டுப்படியான வழித்தடம் இரண்டுதான்.

ஒருவர் விலகும்போது

விலகுவார்கள். வளர்ந்து சொந்தக் கிடங்கு போடுவார், அல்லது வியாபாரத்தை மூடுவார், அல்லது உங்கள் மேல் கோபம். எதுவானாலும் கடைசி எண்ணிக்கையை அவர் ஆளை நிறுத்திவைத்துக்கொண்டு எண்ணுங்கள். ஏற்றும் பேலட் ஒவ்வொன்றுக்கும் போட்டோ, கையெழுத்து. குறைவு இருந்தால் அன்றே கணக்கு முடித்துப் பணம் கொடுத்துவிடுங்கள், கடைசி பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்று இழுக்காதீர்கள்.

ரேக்கில் ஒட்டிய நிறத்தை உரிக்கலாம், ஆனால் கணினியில் அவர் குறியீட்டை அழித்துவிடாதீர்கள். அவர் போன பிறகும் பல மாதம் வரை அவருடைய ரிட்டர்ன் பார்சல் உங்கள் வாசலுக்கே வந்துகொண்டிருக்கும், பழைய லேபிளில் உங்கள் முகவரிதானே இருக்கிறது. இறக்கும் மேடைக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு தட்டு ஒதுக்கி, வெள்ளிக்கிழமை தோறும் சேர்ந்ததைப் பெட்டியில் கட்டி அவருக்கு அனுப்பிவிடுங்கள். அந்தக் கூரியர் செலவு யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். நாங்கள் எழுத மறந்துவிட்டோம், அதனால் போன வருஷம் விலகியவருக்கு இன்னும் எங்கள் செலவில்தான் போய்க்கொண்டிருக்கிறது.